இரண்டு தட்டு

ஃபேக்டரி காலனி ஹாலில் ஜுஜுட்சு என்ற தற்காப்புக் கலையைக் கற்றுத்தரும் தண்டபாணி மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிரேசில்ல இதைத் தரையிலதான் போடுவாங்க மாஸ்டர்," என்றார், கம்பெனி வேலையாக அங்கே இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த இஞ்சினியர் குலசேகரன்.

"தரையில உருள்றதெல்லாம் ஒரு வித்தையா சார்? ஜப்பான்ல நின்னு வீசுவாங்க. நான் அங்கேயே போய்க் கத்துக்கிட்டவன். வர்றீங்களா?"

பாயில் இறங்கிய இரண்டாம் நிமிஷமே குலசேகரனின் கை மாஸ்டரின் பிடியில் மாட்டிக்கொண்டது.

"சோடோ நக்கோ மாஸ்டர், விடாதீங்க!" என்று மாணவர்கள் உள்ளூர் உருதும் தமிழும் கலந்து கத்தினார்கள்.

குலசேகரன் மாஸ்டரின் தோளில் இரண்டு முறை தட்டினார். பாராட்டுகிறார் என்று பூரித்துப்போன மாஸ்டர், பிடியை இன்னும் இறுக்கினார். "ஐயோ!" என்ற அலறல் கேட்ட பிறகுதான் விட்டார்.

ஹாலே கைதட்டியது. குலசேகரன் கையை நீவிக்கொண்டே மாஸ்டரின் காதருகே குனிந்தார்.

"ரெண்டு தட்டு தட்டினா விட்டுடணும் மாஸ்டர். ஜப்பானோ பிரேசிலோ, முதல் நாள் முதல் பாடமே அதுதான்."

பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, "உங்க மாஸ்டர் பெரிய ஆளுப்பா!" என்றார்.

மாஸ்டரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், தன் ஒரே குருவை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார். அபிட்ஸ் கடைத்தெரு நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம். அது ஒன்பதாம் பக்கத்தில்தான் ஆரம்பித்தது.