கடைசி வேகம்

"நாளைக்குக் காரியம். இன்னைக்கு வந்து செத்துப்போன பையனோட காரை நோண்டிப் பாருன்னு கூப்பிடுறாரா? அவர் என்ன மனுஷனா, கல்லா?" என்றாள் அபர்ணா.

அவள் கணவன் சந்தீப் இழுப்பறையிலிருந்து, காரின் கோளாறைப் படித்துப் போனில் காட்டும் ஸ்கேனரை எடுத்தான். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தன்னுடைய பழைய ஜப்பான் காருக்காக வாங்கியது. ஆனால் ஒருவனிடம் ஸ்கேனர் இருப்பது தெரிந்துவிட்டால் பாபடோயிட்டோய் வட்டாரத் தமிழர்கள் அவனைச் சும்மா விடுவார்களா? யார் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தாலும் இவனுக்குத்தான் போன் வரும்.

அடுத்த தெரு குணரத்தினத்திடமிருந்து இப்படி ஒரு போன் வரும் என்று மட்டும் அவன் நினைக்கவில்லை.

"தம்பி, உங்கட மெஷினில பாத்தா கார் கடைசியா ஓடின வேகம் தெரியுமோ?"

"சில கார்ல தெரியும் அங்கிள். இன்ஜின்ல கோளாறு பதிவாகும்போது அந்த நேரத்து வேகத்தையும் சேர்த்து வச்சுக்கும். எதுக்குக் கேக்குறீங்க?"

"யசீன்ர கார் கராஜுக்கை நிக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ. மனிசியும் பக்கத்தில நிப்பா."

குணரத்தினத்துக்கு யசீகரன் ஒரே மகன். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். போன மாதம் வேலை முடிந்து வரும்போது மழையில் மோட்டார்வேயில் கார் உருண்டது. அந்த இடத்திலேயே போய்விட்டான். ஈர ரோட்டில் வழுக்கிவிட்டது என்றது போலீஸ். அவர்கள் பார்த்து முடித்த பிறகு காரை இழுத்துவந்து வீட்டில் விட்டார்கள். "பெடியன் பறந்துகொண்டு வந்திருப்பான்" என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். நாக்குக்கு என்ன, எலும்பா இருக்கிறது.

யசீகரனின் அம்மா சரோஜாதேவியை அரித்தது வேறு. அன்று மகனுக்குக் கடைசியாகப் போன் செய்தது அவள்தான். "புட்டு ஆறுது, கெதியா வா" என்றிருந்தாள். அதன் பிறகு அவள் அடுப்படிக்குள் கால் வைக்கவே இல்லை. நாளை முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டி. மகனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும்.

"அவசரப்படுத்தி அவனைச் சாகக் குடுத்தவள் நான். நான் படைச்சா அவன் சாப்பிடுவானோ?" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் மனிதர் கூட்டிவந்து கராஜ் வாசலில் நிறுத்தியிருந்தார்.

காரின் கூரை அமுங்கிக் கிடந்தது. சரோஜாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், ஆன்ட்டி உள்ள இருக்கட்டுமே. நான் பார்த்துட்டு உங்ககிட்ட சொல்றேன்."

"இல்லைத் தம்பி. அவ தன்ர காதால கேக்க வேணும்."

அபர்ணா சொன்னது சரிதான், கல்லேதான் என்று சந்தீப் நினைத்துக்கொண்டான்.

திறந்த கதவோரம் முட்டி போட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவினான். பிரேக் மிதிக்கு மேலே, உள்பக்கமாக, ஸ்கேனரைச் செருகும் இடம் விரலில் தட்டுப்பட்டது. செருகினான். சாவியைத் திருப்பினான். போனைப் பார்த்தான். மறுபடியும் சாவியைத் திருப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, மெதுவாத்தானே வந்திருக்கிறான்?" என்றார் குணரத்தினம்.

சந்தீப் நிமிர்ந்தான். சரோஜாதேவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் பார்க்கும் அந்தப் பார்வையை எவனாலும் தாங்க முடியாது.

"எழுபத்தெட்டு, ஆன்ட்டி" என்றான். "அந்த இடத்துல நூறு வரைக்கும் போகலாம். யசீ எழுபத்தெட்டுலதான் வந்திருக்கான். அவசரமே படல. ரோடுதான் வழுக்கிடுச்சு."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன் ஆன்ட்டி."

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "என்ர பிள்ளை ஆறுதலாத்தான் வந்தவன். நான் கூப்பிட்டதுக்காக ஓடி வரேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. இருவரும் அவளைத் தடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"முருங்கைக்காய் வாங்கேல்லையே. அது இல்லாட்டி அவனுக்குச் சோறு இறங்காது."

"வாங்கி ஃப்ரீசருக்கை வைச்சிருக்கிறன்" என்றார் குணரத்தினம்.

அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் அடுப்படியில் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது.

சந்தீப் ஸ்கேனரைக் கழற்றிப் பையில் போட்டான். குற்றவுணர்ச்சி அவனை அந்த இடத்தை விட்டு நகர விடவில்லை.

"அங்கிள், மன்னிச்சிடுங்க. நான் சொன்னது பொய். கார்ல கரன்ட்டே இல்ல. ஸ்கேனர் வேலையே செய்யல. ஆன்ட்டி முகத்தைப் பார்த்ததும் வாய்க்கு வந்த ஒரு நம்பரைச் சொல்லிட்டேன்."

குணரத்தினம் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் தம்பி. உண்மையான வேகம் வந்திடுமோ எண்டு பயந்து, இண்டைக்குக் காலமை பேட்டரியைக் கழட்டி ஒளிச்சது நான்தான்."