மஞ்சள் வாளி

திரையில் மஞ்சள் வாளி தெரிந்ததும் விசில் பறந்தது.

தியேட்டர் இருட்டில் அவர், பக்கத்திலிருந்த மனைவி மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். இதோ, வரப்போகிறது.

ஏழாவது படம்.

முதல் படத்தில் அது வெறும் தவறு. கேமரா ஓடுவது தெரியாமல், செட்டைக் கழுவ வாளியோடு குறுக்கே போய்விட்டார். வேலை போயிற்று என்று நின்றார். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். காட்சியை அப்படியே வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த இயக்குநரின் எல்லாப் படத்திலும் போனார்.

கடலுக்கு நடுவே கோர்ட் நடக்கும். நீதிபதிக்கும் குற்றவாளிக்கும் இடையில் வாளியோடு கடப்பார். கல்யாண மண்டபத்துக்குள் ரயில் வந்து நிற்கும். முதல் ஆளாக இறங்குவார், வாளியோடு.

ஒரு படத்திலும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாளிக்குள் என்ன? ரசிகர்கள் மணிக்கணக்கில் வீடியோ போட்டார்கள். ரத்தம் என்றான் ஒருவன். காலம் என்றான் இன்னொருவன்.

மாடி வீட்டுக்குப் புதிதாக வந்த அம்மாள் மரகதத்தைக் கேட்டேவிட்டாள், "உங்க வீட்டுக்காரருக்கு நெசமாவே பேச வராதா?"

இந்தப் படத்தில்தான் வசனம் கிடைத்தது. கதாநாயகி வழிமறித்து, வாளியில் என்ன என்று கேட்பாள். அவர் சொல்ல வேண்டும்.

"உள்ள ஒண்ணுமில்லீங்க."

ஒரு மாதம் குளியலறைக்குள் சொல்லிப் பார்த்தார். கதவுக்கு வெளியே மரகதம். "இன்னும் கொஞ்சம் சத்தமா!"

படப்பிடிப்பில் ஒரே டேக். யூனிட்டே கைதட்டியது.

டப்பிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று இரண்டு மாதம் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கூப்பிடவில்லை. அன்று பேசியதையே வைத்துக்கொண்டார்கள்போல.

இப்போது, திரையில் கதாநாயகி வழிமறித்தாள்.

அவர் வாய் அசைந்தது.

தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. காகிதத் துண்டுகள் பறந்தன. ஓர் எழுத்துகூடக் காதில் விழவில்லை.

பின்வரிசைப் பையன்கள் அவரை அடையாளம் கண்டு தோளில் தூக்கிக்கொண்டார்கள். "வாளிண்ணே! வாளிண்ணே!"

கீழே இறங்கியதும் மரகதம் சொன்னாள், "கூட்டம் குறையட்டும். இன்னொரு வாட்டி வருவோம்."

புதன்கிழமை, காலைக் காட்சி.

மொத்தம் பதினோரு பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மின்விசிறிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

மஞ்சள் வாளி வந்தது. விசில் இல்லை.

கதாநாயகி வழிமறித்தாள்.

மரகதம் சீட் நுனிக்கு வந்தாள்.

வாய் அசைந்தது.

கணீரென்று ஒரு குரல். சிமெண்ட் விளம்பரத்தில் கேட்ட மாதிரி இருந்தது.

அவருடையது இல்லை.

வாளி திரையைவிட்டுப் போய்விட்டது. அடுத்த காட்சி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரகதம் மெல்ல அவர் பக்கம் சாய்ந்தாள்.

"ஷூட்டிங் அன்னைக்கு உங்களுக்குச் சளி புடிச்சிருந்துச்சில்ல?"

அவர் வாயைத் திறந்தார்.

பிறகு, தலையை மட்டும் ஆட்டினார்.