இரு கால்களிலும் சிப்

ஆறு மலையோட்டங்கள் கொண்ட தொடரில் இது கடைசி. ஸ்டெல்லாவும் வேம்புவும் புள்ளியில் சமம். காட்டுச் சரிவில் முந்தப் பார்த்த வேம்புவின் விலாவில் ஸ்டெல்லா முழங்கையால் ஓங்கி இடித்தாள். பள்ளத்தில் விழுந்தவளின் கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது.

"ஆளைக் கூட்டிட்டு வரேன்டி," என்றாள் ஸ்டெல்லா.

"தள்ளினதை நான் சொல்லாம இருக்கணும்னா இதையும் கட்டிட்டுப் போ." வேம்பு தன் கணுக்காலிலிருந்த, ஓட்ட நேரம் பதியும் சிப்பைப் பிய்த்து நீட்டினாள். "எது முந்துதுன்னு பார்ப்போம்."

பந்தயம் முடியும் கோட்டில் விரித்திருக்கும் ரப்பர் பாய்க்கு ஆளைத் தெரியாது. கணுக்காலில் கட்டிய சிப்பைத்தான் படிக்கும், முதலில் மிதிக்கும் காலின் சிப்பையே முதலாவதாகக் குறிக்கும். ஸ்டெல்லாவின் வலது காலில் அவளுடைய சிப், இடது காலில் ரத்தம் பிசுபிசுக்கும் வேம்புவின் சிப். பாய்க்கு இன்னும் இருபதடி. அவள் காலடிகளை எண்ணத் தொடங்கினாள்.