எத்தனை கிலோ?

"மேட்டுத் தோட்டத்துக்கு உரமூட்டை ஏத்தணும்மா. எழுநூறு சிசி நாலு சக்கர பைக்தான் சரிவுல இழுக்கும்," என்றான் மகன், வண்டிக் கடையில்.

"எத்தனை கிலோ?" என்றாள் அம்மா.

"முந்நூத்தம்பது," என்றார் கடைக்காரர்.

"அந்தச் சின்னது?"

"இருநூறு. வண்டி உங்களைச் சுமக்குமா, நீங்க அதைச் சுமக்கப் போறீங்களா?"

"மானத்தை வாங்காதேம்மா," என்று மகன் முணுமுணுத்தான்.

அவள் பெரிய வண்டியை ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. சின்னதைத் தூக்கினாள். அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின.

"இது போதும்."

"எதுக்கும்மா தூக்கிப் பார்க்கறே?"

"உங்கப்பா மேல வண்டி கவிழ்ந்தப்ப நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். உயிர் இருந்துச்சுடா. என்னால தூக்க முடியலை."

மகன் கடைக்காரரிடம் சின்ன வண்டியைக் காட்டினான்.

"மூட்டையை ரெண்டு நடையா ஏத்திக்கறேம்மா."