பாட்டிலுக்கு ஏசி

"பரவாயில்லையே! அண்ணனுக்கு ஏசியெல்லாம் போட்டுக் குடுத்திருக்கீங்களே மாப்ள!"

அறைக்குள் கால் வைத்ததும் லிங்கேஸ்வரன் வாயைப் பிளந்தார். கட்டிலில் அவருடைய அண்ணன் ஆறுமுகநயினார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நெஞ்சில் ஆபரேஷன் ஆன கையோடு சிவகிரியிலிருந்து தென்காசிக்கு, மகள் வீட்டுக்கு வந்திருப்பவர். வெயில் ஆகாது, அந்தத் தகரக்கூரை வீட்டுக்கு இந்தக் கோடையில் திரும்பவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஏசி மாமாவுக்கு இல்ல, சின்ன மாமா," என்றான் மருமகன் முத்துகுமரன். "அதுக்கு."

அவன் காட்டிய அலமாரியில், மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டின் மேல் ஒரு பாட்டில் படுத்துக் கிடந்தது. தலையணை மட்டும்தான் இல்லை.

"என்னது அது?"

"ஒயின். ஃபாரின் சரக்கு. எங்க ஆபீசர் குடுத்தாரு."

லிங்கேஸ்வரன் அன்று காலைதான் கடையத்திலிருந்து குளிக்கக் கிளம்பி, குற்றாலத்தில் காய்ந்த பாறையைத் தரிசித்துவிட்டு வந்திருந்தார்.

"நல்லா இருக்குய்யா! குத்தாலத்துல தண்ணி இல்ல. இங்கன தண்ணிக்கு ஏசி!"

முத்துகுமரன் சிரிக்கவில்லை. பாடம் நடத்தினான்.

"ஒயின் பாட்டிலை நிக்க வைக்கக் கூடாது சின்ன மாமா, படுக்க வைக்கணும். அப்பத்தான் தக்கை காயாது. வெளிச்சம் படக் கூடாது, ஆட்டக் கூடாது, சூடு ஏறி எறங்கக் கூடாது. ஃப்ரிட்ஜும் ஆகாது."

"கைகால் அமுக்கி விடணுமா?"

"பதிமூணு டிகிரி வேணும்பாங்க. நம்ம ஊருக்கு இருவத்தஞ்சு போதும்."

"சரி, எங்க அண்ணன் எதுக்கு இதுக்குப் பக்கத்துல கெடக்காரு?"

"காவலுக்கு. ஏசி நின்னுட்டா பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்லா?"

லிங்கேஸ்வரனுக்கு மூக்கு சிவந்தது.

"ஏட்டி சங்கரி! இங்கன வா!"

சங்கரேஸ்வரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஒங்கப்பன் யாருட்டி? கஜானாவுக்குத் துப்பாக்கியோட காவல் நின்ன ஏட்டையா. மக வீட்டுக்கு வரும்போதே தன் வயல் அரிசியை மூட்டை கட்டிக் கொண்டு வந்த ரோசக்காரன். அந்த மனுசனை ஒம்புருசன் சாராயத்துக்கு வாட்ச்மேன் ஆக்கியிருக்காரு. நீ பார்த்துட்டு நிக்கே!"

"சாராயம் இல்ல, ஒயின்," என்று திருத்தினான் முத்துகுமரன்.

"ரொம்ப முக்கியம்!"

சங்கரேஸ்வரி தரையைப் பார்த்தாள். "அவுக இஷ்டம் சித்தப்பா. நான் என்ன சொல்ல?"

"நான் சொல்லுதேன். சாயங்கால பஸ்ஸுல அண்ணனைச் சிவகிரிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். தகரக்கூரைன்னாலும் சொந்த வீடு. வேத்தா விசிறிக்கிடட்டும்."

"ஐயோ சித்தப்பா, டாக்டரு..."

"டாக்டரை இந்தப் பாட்டிலுக்கு நாடி பார்க்கச் சொல்லுட்டி!"

முத்துகுமரனின் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம் சின்ன மாமா," என்று முணுமுணுத்துவிட்டு, மனைவியோடு அடுக்களைப் பக்கம் போனான்.

அண்ணன், தம்பி, பாட்டில் மூவரும் அறையில் மிஞ்சினார்கள்.

லிங்கேஸ்வரன் அண்ணனின் வேட்டி சட்டைகளைப் பைக்குள் திணித்தார். திணிக்கும்போதே கண் அலமாரிக்குப் போயிற்று. அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறவருக்கும் தொண்டை காயத்தானே செய்யும்? அதுவும் ஃபாரின் சரக்கு. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு பாட்டிலை எடுத்தார். தக்கை லேசாகத் திருகியதுமே கையோடு வந்துவிட்டது.

அண்ணாந்து ஒரு மடக்கு.

"தூ! நன்னாரி சர்பத்து!"

ரோசம் திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட இரண்டு பங்காக.

"எந்திரிண்ணே! ஒயினும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒன்னைய முட்டாளாக்கி வச்சிருக்காரு ஒம்மருமகன். இப்பவே கூப்பிட்டு நாலு கேள்வி கேக்கேன்!"

"ஏலே, சத்தம் போடாத." ஆறுமுகநயினார் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அது சர்பத்துன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா! தெரிஞ்சுமா காவல் கெடக்கே?"

"மொதல்ல எனக்குன்னு ஒரு டேபிள் ஃபேன் வாங்கிட்டு வந்தாரு. பொண்ணைக் குடுத்த எடத்துல கை நீட்டி வாங்குறதான்னு பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். சங்கரிப் புள்ள அழுதுக்கிட்டே வந்து கூட்டிட்டு வந்தா. மறுவாரம் இந்தப் பாட்டில் வந்து எறங்குச்சு, கூடவே ஏசியும். 'வெலை ஒசந்த பொருளு மாமா, போலீஸ்காரர் நீங்கதான் காவல் இருக்கணும்'னாரு. டூட்டின்னு சொன்னா மாட்டேங்க முடியுமாலே?"

லிங்கேஸ்வரன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"பாதிதான இருக்கு?"

"காவக்காரனுக்குத் தாகம் எடுக்காதா? குடிச்சாலும் மறுநா காலையில நெறைஞ்சு கெடக்கும்."

"அப்போ நீ குடிக்கது மாப்ளைக்கும் தெரியுமா?"

"நான் குடிக்கது அவருக்குத் தெரியாது. அவரு ஊத்தி வைக்கது எனக்குத் தெரியாது." ஆறுமுகநயினார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "போகும்போது கதவை நல்லாச் சாத்துலே. ஒயினு கெட்டுரும்."