பந்தியில் ஓர் இடம்

"எந்திரிடி! யாரைக் கேட்டு எங்க பந்தியில உக்காந்த?"

அம்மா சாரதாமணியின் கத்தலைக் கேட்டு, வேலை முடிந்து வந்த ஈஸ்வர் வாசலிலேயே நின்றுவிட்டான். கூடத்தில் வாழை இலைக்கு முன்னால் அவன் மனைவி மோகனப்பிரியா தலை குனியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ என்ன சாதி, நாங்க என்ன சாதி? எந்திரிக்கிறயா இல்லையா?"

"சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிப்பேனுங்க."

அம்மா சொம்புத் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தாள். அவள் அசையவில்லை.

காதல் கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகியும் அம்மா மனதில் இத்தனை விஷமா? ஈஸ்வர் உள்ளே பாய்ந்தான். "அம்மா! உனக்கென்ன பைத்தியமா?"

அம்மா சொம்பைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்தாள். "போதும் சாமி, இதுக்கு மேல எனக்கு வைய வராது."

"நாளைக்கு சேந்தமங்கலத்துக் கல்யாணப் பந்தியில நான் உக்காந்தா உங்க அண்ணன் இதைவிட வைவாருங்க அத்தை" என்று சிரித்த மோகனப்பிரியா, கணவனைப் பார்த்தாள். "நான் படிக்கப் போற சாயங்கால வகுப்புல சொன்னாங்க. அமெரிக்காவுல ஒரு பழைய கடலோர ஊருல, கறுப்பருக்கு எடமில்லைன்னு சொன்ன ஓட்டல்லயே படிக்கிற பசங்க போய் உக்காந்தாங்களாம். அங்க கோபம் வந்துடக் கூடாதுன்னு, மொதல்லயே இப்படித் திட்டு வாங்கிப் பழகுனாங்களாம்."

அம்மா இன்னோர் இலையை எடுத்து, மருமகளின் இலைக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தாள்.

"இப்ப நீ என்னைய வையிடா. நாளைக்கு நானும் இவகூடத்தான் உக்காரப் போறேன்."