அன்றைய சத்தம்

ஆறு மாத விசாவில் வருபவர்களுக்கு ஆஸ்லோவில் வீடு தாராளமாகக் கிடைக்கும். சத்தம்தான் அளந்து கிடைக்கும். அன்றாட அளவைத் தாண்டினால் வீடே கதவைத் திறந்து வெளியே போகச் சொல்லிவிடும்.

பொன்னாடைகளுக்குப் பழகிய முனைவர் அறவாழி, காலையிலேயே இணையக் கருத்தரங்கில் முழங்கி, சுவரிலிருந்த சத்த மீட்டரைச் சிவப்புக்கு ஏற்றியிருந்தார். மனைவி பூங்கோதை மிக்ஸியைத் தொடாமல், பாத்திரங்களைத் துண்டு விரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் செய்யாற்றிலிருந்து அவள் தம்பி போனில் கூப்பிட்டான். அப்பா போய்விட்டார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தாள்.

"கொஞ்சமாவது மிச்சம் இருக்குதாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"நாளைக்குத்தாம்மா வரும். பொறுத்துக்க."

"அவ்வளவு நேரம் அப்படி என்னத்தப் பேசினீங்க?"

அறவாழி தலையணையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ஒப்பாரியப் பத்தி."